பூட்டானில் மிதிவண்டிச் சுற்றுலா

பூட்டானில் மிதிவண்டிச் சுற்றுலா என்பது, கிழக்கு இமயமலையில் அமைந்துள்ள பூட்டான் நாட்டின் பள்ளத்தாக்குகள், கோட்டை மடங்கள், கோயில்கள் ஆகியவற்றை உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் துணையுடன் மிதிவண்டியில் சென்று காணும் பயண முறை ஆகும். இத்தகைய பயணங்கள் பொதுவாக ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்கள் வரை நீடிக்கின்றன. பெரும்பாலானவை பாரோவில் தொடங்கித் திம்பு, புனாக்கா, போப்சிக்கா, திரோங்சா, பும்தாங் ஆகிய இடங்களின் வழியாகச் செல்கின்றன.

பூட்டானின் முதன்மையான பண்பாட்டுச் சின்னங்கள் பலவும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி, கணவாய்களால் இணைக்கப்பட்ட பழைய நடைவழியை ஒட்டி எழுந்தவை. வானுந்தில் விரைந்து செல்பவருக்கு அவை தனித்தனிக் கட்டடங்களாகத் தோன்றும். ஒவ்வொரு கணவாயையும் தம் உழைப்பால் ஏறிக் கடப்பவருக்கு, அக்கோட்டைகள் ஏன் அந்த இடங்களில் கட்டப்பட்டன என்பது எளிதில் விளங்குகிறது. இப்பயண முறையின் தனித்தன்மை இதுவே.

நில அமைப்பு

பூட்டான் வடக்கே திபெத்துக்கும் தெற்கே இந்தியாவுக்கும் இடையில் அமைந்த, ஏறத்தாழ 38,000 சதுர கிலோமீட்டர் பரப்புடைய நாடாகும். அதன் மக்கள் தொகை 8 இலட்சத்துக்கும் குறைவு. ஆறுகள் வடக்கிலிருந்து தெற்காக ஓடுகின்றன. அவற்றைப் பிரிக்கும் மலைத்தொடர்களும் அதே திசையிலேயே நீண்டுள்ளன. எனவே கிழக்கு மேற்காகப் பயணம் செய்பவர் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து கணவாய்க்கு ஏறி, அடுத்த பள்ளத்தாக்குக்கு இறங்கி, மீண்டும் ஏற வேண்டும். சமதளமான நீண்ட சாலை நாட்டின் நடுப்பகுதியில் இல்லை என்றே கூறலாம்.

நாட்டின் பெரும்பகுதி காடாகும். 2008 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, மொத்த நிலப்பரப்பில் குறைந்தது 60 விழுக்காடு எக்காலத்தும் காடாக இருக்கவேண்டும் என விதிக்கிறது. மலையுச்சிகள் தெய்வங்களின் உறைவிடமாகக் கருதப்படுவதால், 1994 ஆம் ஆண்டில் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் ஏறுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. 2003 ஆம் ஆண்டு முதல் மலையேற்றம் முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது. 7,570 மீட்டர் உயரமான கங்கார் புவென்சும், உலகில் இதுவரை எவரும் ஏறாத மிக உயர்ந்த சிகரமாகக் கருதப்படுகிறது.

பாதைகளும் சாலைகளும்

1960களுக்கு முன்னர் பூட்டானில் ஊர்திகள் செல்லத்தக்க சாலைகள் இல்லை. 1958 ஆம் ஆண்டில் இந்தியப் பிரதமர் ஜவகர்லால் நேரு பாரோவுக்குச் சென்றபோது, சிக்கிமிலிருந்து நாதூ லா கணவாயைக் கடந்து, திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு வழியாக விலங்குகளின் முதுகிலும் கால்நடையாகவும் செல்ல நேர்ந்தது. மூன்றாம் மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக்கின் காலத்தில், 1961 ஆம் ஆண்டில், இந்தியாவின் எல்லைப்புறச் சாலைகள் அமைப்பு தந்தக் என்னும் திட்டத்தின் கீழ் சாலைப் பணியைத் தொடங்கியது. எல்லை நகரான புந்துசோலிங் முதலில் மேற்குப் பள்ளத்தாக்குகளுடன் இணைக்கப்பட்டது. பின்னர் திம்புவுக்கு அருகிலிருந்து கிழக்கே திராசிகாங் வரை நாட்டின் குறுக்கே நெடுஞ்சாலை அமைந்தது.

சாலை வந்ததும் பழைய நடைவழி கைவிடப்பட்டது. பாலங்கள் சிதைந்தன, படிகள் மண்மூடின. மேற்கே ஹாவிலிருந்து கிழக்கே திராசிகாங் வரை செல்லும் இவ்வழியின் 403 கிலோமீட்டர் தொலைவு சீரமைக்கப்பட்டு, 2022 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் 'டிரான்சு பூட்டான் பாதை' என்ற பெயரில் மீண்டும் திறக்கப்பட்டது. இதன் சில பகுதிகளில் மலை மிதிவண்டியிலும் செல்ல முடியும். ஏனைய இடங்களில் மிதிவண்டிக்காரர்கள் நெடுஞ்சாலையையே பயன்படுத்துகின்றனர். சாலையில் ஊர்திகள் இந்தியாவைப் போலவே இடப்புறமாகச் செல்கின்றன.

சுற்றுலாக் கொள்கை

நான்காம் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக்கின் முடிசூட்டு விழா நடைபெற்ற 1974 ஆம் ஆண்டில் பூட்டான் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. அவ்வாண்டில் வந்தோர் 287 பேர் மட்டுமே. அருகிலுள்ள நாடுகளில் கட்டுப்பாடற்ற சுற்றுலாவால் ஏற்பட்ட விளைவுகளைக் கண்ட அரசு, குறைந்த எண்ணிக்கையில் பயணிகளை வரவழைத்து, ஒவ்வொருவரிடமிருந்தும் கூடுதல் வருவாய் பெறும் கொள்கையைப் பின்பற்றியது. 1991 ஆம் ஆண்டில் சுற்றுலாத் தொழில் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரும் இக்கொள்கை தொடர்ந்தது.

நெடுங்காலம் ஒவ்வொரு பயணியும் நாளொன்றுக்குக் குறைந்தது 200 அல்லது 250 அமெரிக்க டாலர் செலுத்தவேண்டியிருந்தது. தங்குமிடம், உணவு, வழிகாட்டி, உள்நாட்டுப் போக்குவரத்து ஆகியவற்றுடன் அரசுக்குரிய 65 டாலரும் இதில் அடங்கும். கோவிட் பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட எல்லைகள் 2022 செப்டெம்பர் 23 அன்று திறக்கப்பட்டபோது இம்முறை கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக, பேண்தகு வளர்ச்சிக் கட்டணம் இரவொன்றுக்கு 200 டாலராக உயர்த்தப்பட்டது. பயணிகள் வரவு எதிர்பார்த்தவாறு மீளாத நிலையில், 2023 செப்டெம்பர் முதல் நான்கு ஆண்டுகளுக்கு அது 100 டாலராகக் குறைக்கப்பட்டது. இந்தியக் குடிமக்களுக்கு இக்கட்டணம் இரவொன்றுக்கு 1,200 ரூபாய் ஆகும். தங்குமிடம், உணவு முதலியவற்றுக்கான செலவு இவற்றுக்குப் புறம்பானது.

வழமையான பயண வழி

பாரோப் பள்ளத்தாக்கு

பன்னாட்டு வானூர்தி நிலையம் அமைந்துள்ள பாரோ, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரத்துக்கு உடல் பழகும் பொருட்டு, முதல் நாளில் நெல் வயல்களின் ஊடாகப் பள்ளத்தாக்கின் வடமேற்கு முனை வரை குறுகிய பயணம் மேற்கொள்ளப்படுவது வழக்கம். வழியில் உள்ள கிச்சு லகாங் என்னும் கோயில், 7 ஆம் நூற்றாண்டில் திபெத்திய மன்னர் சோங்சென் கம்போவால் கட்டப்பட்டதாக மரபு கூறுகிறது. பள்ளத்தாக்கின் முடிவில் உள்ள துருக்கியேல் கோட்டை 1649 ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. 1951 ஆம் ஆண்டில் தீயினால் அழிந்து, பல பத்தாண்டுகள் இடிபாடாகக் கிடந்த அது, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது.

திம்புவும் தோச்சு லாவும்

பாரோவிலிருந்து தலைநகர் திம்புவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவாகும். சாலை பாரோ ஆற்றை ஒட்டி இறங்கிச் சூசோம் என்னும் கூடுமிடத்தை அடைகிறது. அங்கு பூட்டானிய, திபெத்திய, நேபாள முறைகளில் அமைந்த மூன்று தூபிகள் நிற்கின்றன. பின்னர் சாலை வாங் ஆற்றை ஒட்டித் திம்புவை நோக்கி ஏறுகிறது.

நகருக்குத் தெற்கே உள்ள சிம்தோக்கா கோட்டை 1629 ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. திபெத்திலிருந்து 1616 ஆம் ஆண்டில் வந்து பூட்டானை ஒரே ஆட்சியின் கீழ்க் கொண்டுவந்த சப்துருங் நவாங் நம்கியால் கட்டிய முதல் சோங் இதுவாகும். சோங் என்பது மடத்தையும் ஆட்சி அலுவலகத்தையும் ஒரே மதிலுக்குள் கொண்ட கோட்டை ஆகும். பிற்காலத்துச் சோங்குகள் அனைத்தும் இம்முறையையே பின்பற்றின. பல சோங்குகளில் இன்றும் ஒரு பகுதியில் துறவிகள் வாழ, மறு பகுதியில் மாவட்ட அலுவலகங்கள் இயங்குகின்றன.

சிம்தோக்காவிலிருந்து தொடங்கும் ஏற்றம் 3,100 மீட்டர் உயரமான தோச்சு லா கணவாயில் முடிகிறது. பயணத்தின் முதலாவது பெரிய ஏற்றம் இதுவே. இங்குள்ள 108 தூபிகள், 2003 டிசம்பரில் தெற்கு எல்லைக் காடுகளில் தங்கியிருந்த அசாமியத் தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையில் உயிரிழந்தோரின் நினைவாக, அரசி டோர்ஜி வாங்மோவின் முயற்சியால் கட்டப்பட்டவை. வானம் தெளிவாக உள்ள நாட்களில் வடக்கே பனிமலைகள் இங்கிருந்து தென்படும்.

புனாக்கா

கணவாயிலிருந்து புனாக்கா வரையான இறக்கம் ஏறத்தாழ 1,900 மீட்டர் ஆகும். உயரம் 1,000 மீட்டர் குறையும்போது வெப்பநிலை சராசரியாக 6 பாகை செல்சியசுக்கு மேல் கூடுவதால், ஓரிரு மணி நேரத்தில் பயணி ஏறத்தாழ 12 பாகை வேறுபாட்டை உணர்கிறார். ஊசியிலை மரங்களும் பூவரசி வகைக் காடுகளும் மறைந்து, வாழையும் தோடையும் நெல்லும் வளரும் நிலம் தொடங்குகிறது. துறவியர் தலைவரான சே கென்போவும் மைய மடத்துத் துறவிகளும் குளிர்காலத்தில் திம்புவை விட்டுப் புனாக்காவுக்கு இடம்பெயர்வதன் காரணத்தை இவ்விறக்கமே காட்டிவிடுகிறது.

புனாக்கா சோங், போ சூ, மோ சூ ஆகிய இரு ஆறுகள் கூடுமிடத்தில் 1637-38 ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்டது. 1955 வரை பூட்டானின் தலைநகராகவோ குளிர்காலத் தலைநகராகவோ இது விளங்கியது. முதல் மன்னர் உக்யென் வாங்சுக் 1907 டிசம்பர் 17 அன்று இங்கேயே முடிசூடினார். சப்துருங்கின் உடலும் இங்கு பேணப்படுகிறது. 1986 ஆம் ஆண்டில் தீயினாலும், 1994 ஆம் ஆண்டில் வடக்கே பனியாற்று ஏரியொன்று உடைந்து ஏற்பட்ட வெள்ளத்தினாலும் இது சேதமடைந்தது. ஒவ்வொரு முறையும் மரபுவழிக் கைவினைஞர்களைக் கொண்டே இது செப்பனிடப்பட்டது.

அருகில் வயல்களின் நடுவே ஒரு குன்றின் மீது 1499 ஆம் ஆண்டைச் சேர்ந்த சிமி லகாங் கோயில் உள்ளது. வழக்கத்துக்கு மாறான போக்கினால் அறியப்பட்ட துறவி துருக்பா குன்லேயுடன் தொடர்புடைய இக்கோயிலுக்கு, குழந்தைப் பேறு வேண்டுவோர் வருகின்றனர்.

வாங்டியும் போப்சிக்காவும்

புனாக்காவுக்குத் தெற்கே மலைமுகட்டில் அமைந்த வாங்டி போத்ராங் சோங் 1638 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 2012 சூன் 24 அன்று ஏற்பட்ட தீ இதனை ஏறக்குறைய முற்றாக அழித்தது. பத்தாண்டு உழைப்புக்குப் பின் 2022 நவம்பரில் புதிய கட்டடம் திருநிலைப்படுத்தப்பட்டது. மரமும் மண்ணும் கொண்டு கட்டப்படும் சோங்குகளுக்குத் தீ நிலையான அச்சுறுத்தலாகும். அழிந்ததை அழிந்தபடி விடாமல் மீண்டும் எழுப்புவதே பூட்டானிய மரபு. எனவே ஒரு சோங்கின் பழமை அதன் கற்களைக் காட்டிலும் அதன் அமைவிடத்திலும், பயன்பாட்டிலும், கட்டும் முறையிலுமே தங்கியுள்ளது.

வாங்டியிலிருந்து சாலை நீண்ட தொலைவுக்கு ஏறிப் போப்சிக்காப் பள்ளத்தாக்குக்குப் பிரிகிறது. ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்திலுள்ள இச்சதுப்பு நிலத்துக்குத் திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் குளிர்காலத்தில் வருகின்றன. கொக்குகள் வரும்போது இங்குள்ள கங்தே மடத்தை வலம் வருகின்றன என்பது உள்ளூர் நம்பிக்கை. பறவைகள் கம்பிகளில் மோதாதிருக்க மின்வடங்கள் நிலத்துக்கு அடியில் பதிக்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று மடத்து முற்றத்தில் கொக்கு விழா நடைபெறுகிறது.

திரோங்சா

ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரமான பெலே லா கணவாய், மேற்குப் பூட்டானையும் நடுப் பூட்டானையும் பிரிக்கிறது. அதற்கு அப்பால், காத்மாண்டுவின் சுயம்புநாதர் தூபியைப் போன்று கண்கள் தீட்டப்பட்ட செந்தெப்ஜி தூபி சாலையோரத்தில் உள்ளது. திரோங்சா சோங் எதிர்ப்புற மலைச்சரிவில் தொலைவிலிருந்தே தெரியும். ஆயினும் இடையே ஆழமான பள்ளம் இருப்பதால், சாலை பல கிலோமீட்டர் சுற்றிச் சென்றே அதனை அடைகிறது. பழைய நடைவழி இந்தச் சோங்கின் முற்றத்தின் ஊடாகவே சென்றது. வாயிலை மூடினால் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையிலான போக்குவரத்து நின்றுவிடும். திரோங்சாவின் ஆளுநர் பதவி வலிமை பெற்றதும், அப்பதவியில் இருந்த உக்யென் வாங்சுக் நாட்டின் முதல் மன்னரானதும் இவ்விடத்தின் அமைப்போடு தொடர்புடையவை. முடிக்குரிய இளவரசர் அரியணை ஏறுமுன் திரோங்சா ஆளுநர் பட்டம் பெறுவது இன்றும் மரபாக உள்ளது.

பும்தாங்

யோத்தோங் லா கணவாயைக் கடந்தால் பும்தாங் மாவட்டம் வருகிறது. சோங்சென் கம்போவின் பெயரோடு இணைக்கப்படும் சம்பே லகாங், குரு ரின்போச்சே எனப்படும் பத்மசம்பவரின் உடற்சுவடு பதிந்ததாக நம்பப்படும் குர்சே லகாங், பெமா லிங்பா 1501 ஆம் ஆண்டில் நிறுவிய தம்சிங் மடம் ஆகியன ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளன. இவற்றைச் சுற்றிக் காண்பதற்கு மிதிவண்டி மிகவும் ஏற்றது. பல குழுக்கள் இங்கிருந்து ஊர்தியிலோ உள்நாட்டு வானூர்தியிலோ பாரோவுக்குத் திரும்புகின்றன.

செலே லாவும் தக்சாங்கும்

பயணத்தின் இறுதியில் பாரோவிலிருந்து, ஏறத்தாழ 3,990 மீட்டர் உயரமான செலே லா கணவாய் வரை செல்வதுண்டு. உடல்வலிமை மிக்கோர் இதனை மிதித்தே ஏறுகின்றனர். பிறர் ஊர்தியில் ஏறி மிதிவண்டியில் இறங்குகின்றனர். 1692 ஆம் ஆண்டில் பாறைச் சரிவில் கட்டப்பட்ட தக்சாங் மடத்துக்கு நடந்தே செல்லவேண்டும். 1998 ஆம் ஆண்டின் தீக்குப் பின் இதுவும் மீண்டும் கட்டப்பட்டதாகும்.

பயண ஒழுங்கு

குழுவுடன் ஒரு வழிகாட்டியும், பொதிகளையும் உதிரிப் பாகங்களையும் ஏற்றிய ஊர்தியொன்றும் செல்கின்றன. களைத்தவர்கள் ஊர்தியில் ஏறிக்கொள்ளலாம். நாளொன்றுக்கு 30 முதல் 70 கிலோமீட்டர் வரை பயணம் அமைவது வழக்கம். மலைநாட்டில் தொலைவைக் காட்டிலும் ஏற்றத்தின் அளவே கணக்கில் கொள்ளப்படுகிறது.

அகன்ற சக்கரங்களும் குறைந்த பற்சக்கர விகிதமும் கொண்ட மலை மிதிவண்டி விரும்பப்படுகிறது. நீண்ட இறக்கங்களில் தொடர்ந்து பிடிக்கப்படும் விளிம்புத் தடைகள் சூடேறி வலுவிழக்கக்கூடும் என்பதால் வட்டுத் தடைகள் பாதுகாப்பானவை. வளைவுகளில் எதிரே சரக்குந்துகளும், சாலை நடுவே கால்நடைகளும் வருவது இயல்பு.

காலநிலையும் உடல்நலமும்

மார்ச் முதல் மே வரையும், செப்டெம்பர் இறுதி முதல் நவம்பர் வரையும் பயணத்துக்கு உகந்த காலங்கள் ஆகும். சூன் முதல் செப்டெம்பர் வரை பருவமழையினால் மண்சரிவுகள் ஏற்பட்டுச் சாலைகள் அடைபடுவதுண்டு. குளிர்காலத்தில் கணவாய்களில் பனி பெய்யக்கூடும்.

3,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்ட அளவில் ஏறத்தாழ 70 விழுக்காடாகக் குறைகிறது. இதனால் வழக்கமான வேகத்தில் ஏறுவோருக்கு விரைவில் மூச்சிரைக்கும். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியன மலைநோயின் தொடக்க அறிகுறிகள். அறிகுறிகள் மிகுந்தால் கீழிறங்குவதே முதன்மையான தீர்வாகும். ஏற்றத்தில் வியர்த்த உடையுடன் இறங்குவது உடலை விரைவாகக் குளிரச் செய்வதால், கணவாயில் காற்றுத்தடுப்பு மேலுடை அணிவது இன்றியமையாதது.

வழிபாட்டிடங்களில் நடைமுறை

தூபிகளையும் மந்திரச் சுவர்களையும் தமக்கு வலப்புறமாக வைத்துக் கடப்பது பௌத்த மரபு. பழைய வழிகளில் செல்லும் மிதிவண்டிக்காரர்களும் இதனைப் பின்பற்றுகின்றனர். சோங்குகளுக்குள் கைகளையும் கால்களையும் மூடிய உடை தேவைப்படுவதால், மிதிவண்டி உடையின் மேல் அணிய நீண்ட உடையொன்றை எடுத்துச் செல்வர். தொப்பியையும் தலைக்கவசத்தையும் கழற்றவேண்டும். கோயில்களின் உட்புறத்தில் ஒளிப்படம் எடுக்க அனுமதி இல்லை. சோங்கினுள் நுழையுமுன் பூட்டானிய வழிகாட்டி கோ என்னும் தேசிய உடையின் மேல் கப்னே என்னும் நீண்ட துண்டை அணிவார். அத்துண்டின் நிறம் அணிபவரின் தகுதியைக் குறிக்கும். பொதுமக்களுக்கு உரியது வெள்ளை.

நெடுந்தொலைவுப் போட்டி

பூட்டானில் மிதிவண்டி மீதான ஆர்வத்துக்கு அரச குடும்பத்தின் ஈடுபாடும் ஒரு காரணமாகும். நான்காம் மன்னர் திம்புவைச் சுற்றியுள்ள மலைகளில் மிதிவண்டி ஓட்டுவதற்காக அறியப்பட்டவர். பும்தாங்கிலிருந்து திம்பு வரை 268 கிலோமீட்டர் தொலைவை ஒரே நாளில் கடக்கும் 'டூர் ஆஃப் த டிராகன்' போட்டி 2010 ஆம் ஆண்டில் தொடங்கியது. இதில் நான்கு கணவாய்களைக் கடக்கவேண்டும். சுற்றுலாக் குழுக்கள் இதே தொலைவுக்குப் பல நாட்களை எடுத்துக்கொள்கின்றன.

கருத்து வேறுபாடுகள்

கட்டணக் கொள்கை பண்பாட்டையும் சூழலையும் காத்துள்ளது என்பது ஆதரவாளர்களின் கருத்து. 2019 ஆம் ஆண்டில் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பூட்டானுக்கு வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அக்காலத்தில் கட்டணம் செலுத்தத் தேவையில்லாத இந்தியர்கள். இவ்வளர்ச்சியே இந்தியர்களுக்கும் கட்டணம் விதிக்கப்படக் காரணமாயிற்று. மறுபுறம், உயர்ந்த கட்டணம் பயணிகளைக் குறைத்து, சிறு விடுதிகள், வழிகாட்டிகள், ஓட்டுநர்கள் ஆகியோரின் வருவாயைப் பாதிப்பதாகக் குறை கூறப்படுகிறது.

மிதிவண்டிச் சுற்றுலாவில் இச்சிக்கல் மேலும் தெளிவாகத் தெரிகிறது. கட்டணம் இரவுக் கணக்கில் பெறப்படுவதால், மெதுவாகச் செல்பவரே மிகுதியாகச் செலுத்துகிறார். 10 இரவுகள் தங்கும் ஒருவருக்கு இரவுக்கு 200 டாலராக இருந்தபோது 2,000 டாலரும், 100 டாலரானபின் 1,000 டாலரும் கட்டணமாகின்றன. ஆனால் ஊர்தியில் செல்வோர் நில்லாமல் கடந்துவிடும் ஊர்களில் தங்கி உண்பவர்களும் இவர்களே. செலவைக் குறைக்கும் பொருட்டுப் பயண நாட்கள் சுருக்கப்படும்போது, பாரோ, திம்பு, புனாக்கா ஆகிய மேற்குப் பகுதிகளிலேயே பயணம் முடிந்துவிடுகிறது. திரோங்சாவும் பும்தாங்கும் அவற்றுக்குக் கிழக்கேயுள்ள மாவட்டங்களும் சுற்றுலாவின் பயனைக் குறைவாகவே பெறுகின்றன.

2010களின் நடுப்பகுதியில் தொடங்கிய நெடுஞ்சாலை அகலப்படுத்தும் பணி பயண நேரத்தைக் குறைத்துள்ளது. நோயாளிகளுக்கும் உழவர்களுக்கும் இது பெரும் நன்மையாகும். அதே வேளையில் மலைச்சரிவுகள் வெட்டப்பட்டு மண்சரிவுகள் மிகுந்தன. ஊர்திகளின் வேகமும் கூடியது. அமைதியான சாலையை நாடும் மிதிவண்டிக் குழுக்கள் கிளைச் சாலைகளுக்கும், சீரமைக்கப்பட்ட பழைய நடைவழிக்கும் திரும்பி வருகின்றன. சாலையினால் கைவிடப்பட்ட அவ்வழியில் உள்ள சிற்றூர்களுக்கு இதனால் மீண்டும் பயணிகள் வரத் தொடங்கியுள்ளனர்.